காணாமற்போனவரின் கையொப்பம்

வீட்டை விற்பதென்று அக்னெஸ் முடிவெடுத்தது வாசற்படிகளால்தான். கியூபெக்கில், லாசாலில் இருந்த அந்த வீட்டுக்கு வெளிப்பக்கமாக ஒன்பது இரும்புப் படிகள். 2009 பெப்ரவரியில் ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டவள் பனி உறைந்த நான்காவது படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஏப்ரல் முடியும்வரை ஊன்றுகோலோடு நடந்தாள். ஊன்றுகோலை விட்ட பிறகும் படியைக் கண்டால் கால் கூசியது. மூன்று பனி மாரிகளை மகளோடு தனியாகச் சமாளித்தவளுக்கு நாலாவதை நினைக்கவே முடியவில்லை. தரைமட்டத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட், மாதா கோயிலுக்குக் கிட்ட, போதும் என்று நினைத்தாள்.

கணவன் அருமைநாதன் 2006 ஓகஸ்டில் புறப்பட்டுப் போனவன். மன்னாரில் அவனுடைய தாய் படுக்கையில் கிடந்தார். அகதியாக ஏற்கப்பட்டு வந்தவன் கொழும்பு விமான நிலையத்தால் போகப் பயந்து, சென்னைக்குப் பறந்து, இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து களவாகப் படகேறி மன்னாருக்குக் கடந்தான். தாயை அடக்கம் செய்தபின் நவம்பர் நடுவில் ஒருநாள் தொலைபேசி எடுத்தான். கடல் கொஞ்சம் அடங்கியதும் படகேறுவதாகவும் சென்னைக்கு வந்து கதைப்பதாகவும் சொன்னான். மகள் நிருஷா கேட்ட வெள்ளைச் சப்பாத்தின் அளவை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டான். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அக்னெஸ் தேடாத இடமில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினாள். தமிழ்நாட்டு அகதி முகாம்களில் விசாரிக்க ஆள் பிடித்தாள். இரண்டு நாட்டுச் சிறைகளுக்கும் ஒரு பாதிரியார் மூலம் கடிதம் போட்டாள். எங்கிருந்தும் இல்லை என்றுதான் பதில் வந்தது. இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. 2008 இல், தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் புதிதாக வந்த பேரின்பநாதன் என்ற மன்னார்க்காரன் தமிழ்ப் பூசையில் அவளைத் தேடி வந்து பேசினான். முப்பத்தைந்து வயதிருக்கும். அருமை அண்ணையை மன்னாரில் ஒரு கோயில் வளவில் கண்டதாகவும், படகுக்குக் காத்து நின்றதாகவும், பிறகு காணவில்லை என்றும் சொன்னான். சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் என்று அக்னெஸ் நினைத்தாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தாயும் மகளும் இன்னுமொரு வருடத்தை ஓட்டினார்கள்.

ஜூன் மாதம் வீட்டுக்கு ஆள் கிடைத்தது. கிருஷ்ணகுமார், பார்கவி என்று சென்னைப் பக்கத்துச் சோடி. அவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள் மூன்று மாதக் கர்ப்பிணி. பார்கவி ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நிலவறையில் எப்போதாவது தண்ணீர் வந்ததா, கூரை போட்டு எத்தனை வருடம், வேலி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலையும் எழுதிக்கொண்டாள். யார் பேரில் வீடு இருக்கிறது என்பது எட்டாவது கேள்வி. எங்கள் இருவர் பேரிலும் என்று அக்னெஸ் சொன்னாள். சார் எங்கே என்று அவள் கேட்டபோது, ஊரில் நிற்கிறார் என்றாள்.

கியூபெக்கில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவது நோட்டரி. வீட்டை வாங்குபவரே அவரைத் தெரிவு செய்வார்; ஆனால் அவர் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள். கிருஷ்ணகுமார் தெரிவு செய்த நோட்டரி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு கியூபெக் பெண்மணி. உறுதியைப் புரட்டிப் பார்த்தவர், விற்பவர் பகுதியை மட்டும் தனியாக வரச் சொன்னார். ஜூலை இரண்டாம் கிழமை அக்னெஸ் நிருஷாவோடு போனாள். குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தின் சமையலறையில் வேலை செய்கிறவள் என்பதால் அக்னெஸுக்குச் சோறு, சூப், ஒவ்வாமை பற்றிய பிரெஞ்சு நன்றாக வரும். சட்டத்துக்கு மகள் வேண்டும்.

நோட்டரி முதலில் கேட்டது, கணவர் தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரத்தை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாரா என்பது. இல்லை. அப்படியென்றால் அவர் இல்லாமல் வீட்டை விற்க முடியாது என்றார். பாதி அவருடையது. மீதிப் பாதி உங்களுடையதென்றாலும், குடும்பம் வாழ்ந்த வீடு என்பதால் அதையும் அவருடைய சம்மதம் இல்லாமல் கொடுக்கக்கூடாது. பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகப் பேசினார். நிருஷா கவனமாகக் கேட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"அம்மா, அப்பா உயிரோட இருக்கிறார் எண்டுதான் சட்டம் சொல்லுது. காணாமப் போய் ஏழு வருசம் வரைக்கும் அப்பிடித்தானாம்."

வீட்டை விற்க ஒரு வழி இருந்தது. அக்னெஸைக் கணவனின் காப்பாளராக நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். உறவினரும் நண்பருமாக ஐந்து பேர் கூடிச் சம்மதிக்க வேண்டும். அவர் எப்போது காணாமற்போனார் என்று தெரிந்த ஒருவர் சத்தியக் கடதாசி தர வேண்டும். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்று அக்னெஸும் சத்தியம் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் வீட்டை விற்கலாம்; அவருடைய பங்கு அவர் பேரிலேயே கிடக்கும்.

நோட்டரி இன்னும் கொஞ்சம் பேசினார். நிருஷா அதைத் தமிழில் சொல்லவில்லை.

"என்னவாம்?"

"வேற வழியும் இருக்காம். அது எங்களுக்குத் தேவையில்லை."

அக்னெஸுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். இறந்தது நிச்சயம் என்று நேரில் கண்ட சாட்சி இருந்தால், உடல் கிடைக்காவிட்டாலும், ஏழு வருடம் காத்திராமலே நீதிமன்றம் மரணத்தைப் பதியும் என்பதைத்தான் நோட்டரி சொன்னார். அக்னெஸும் விளங்காதவள் போலிருந்தாள்.

சத்தியக் கடதாசிக்கு அவளுக்குத் தெரிந்தது பேரின்பநாதன் ஒருவன்தான். மூன்றாம் மாடியில் குடியிருந்தான். அவளால் அந்தப் படி ஏற முடியாதென்று அவனே இறங்கி வந்தான். அக்காடி மெட்ரோவுக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். சிறுவர்கள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்னெஸ் விசயத்தைச் சொல்லி, நீர் எனக்குச் சொன்னதை நோட்டரிக்கு முன்னால் சொன்னால் போதும் என்றாள். வேதப்புத்தகத்தில் கை வைக்க வேண்டுமோ என்று அவன் கேட்டான். அது தெரியாது, ஆனால் சத்தியம்தான் என்றாள்.

அவன் குனிந்து தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அவனும் அருமைநாதனும் ஒரே படகில்தான் கடந்தார்கள். பதினான்கு பேர். அவனும் மனைவியும் ஐந்து வயது மகளும் அதில். விடியப் போகும் நேரம் தூரத்தில் ரோந்துப் படகின் வெளிச்சம் தெரிய, ஓட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னான். கரை கிட்ட, தண்ணி நெஞ்சளவுதான் என்றான். அது கரை அல்ல, மணல்திட்டு. திட்டுக்கும் அவர்கள் இறங்கிய இடத்துக்கும் நடுவில் ஓர் ஆழமான வாய்க்கால் இருந்தது. பேரின்பநாதனின் மனைவிக்கு நீந்தத் தெரியாது. அவன் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளையை அருமைநாதன் தன் தோளில் வைத்திருந்தான். ஆழத்தில் கால் இழுபட்டபோது அவன் முழுதாக உள்ளே போய்விட்டான்; இரண்டு கையும் பிள்ளையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"நான் எட்டிப் பிள்ளையை வாங்கினனான். வாங்கிப்போட்டுத் திரும்பிப் பாத்தன், அண்ணையைக் காணேல்லை."

காலையில் உடல் திட்டின் மறுபக்கம் ஒதுங்கியது. தோண்ட ஒன்றும் இல்லை. கையால் மணலை அள்ளி மூடினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மீன்பிடிக்க வந்தவர்கள் அவர்களை இந்தியக் கரைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அக்னெஸ் அழவில்லை. அழுகை பிறகு வரும் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"செபம் சொன்னனீங்களோ?"

"ஓம். ஒரு பரலோக மந்திரம். அதுக்குமேல ஆருக்கும் குரல் வரேல்லை."

ஏன் ஒரு வருடமாக மறைத்தீர் என்று கேட்டாள். முதல் நாள் சொல்லத்தான் வந்ததாகவும், நிருஷா பக்கத்தில் நின்று அப்பாவைக் கண்டீர்களா என்று கேட்டதும் வாய் வேறு சொல்லிவிட்டதாகவும் சொன்னான். அதைவிட வேறொரு காரணமும் இருந்தது. அவனுடைய அகதி விண்ணப்பத்தில் இந்தியா இல்லை. இந்தியாவில் ஒன்றரை வருடம் இருந்தவன் என்று தெரிந்தால் நிராகரிப்பார்கள் என்று அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொன்னதைக் கேட்டு, 2006 இலிருந்து 2008 வரை கொழும்பில் ஒளிந்திருந்ததாக எழுதிக் கொடுத்திருந்தான். 2006 நவம்பரில் மன்னாரில் நின்றேன் என்று அவன் எங்கே கையொப்பம் வைத்தாலும் அது அவனுடைய வழக்கை உடைக்கும். ஒக்டோபரில் விசாரணை. மனைவியும் மகளும் திருச்சியில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள்.

அக்னெஸ் எழுந்து மெட்ரோவுக்கு நடந்தாள். அவன் பின்னால் கொஞ்சத் தூரம் வந்து நின்றுவிட்டான். அன்று இரவு அவள் மீன் குழம்பு வைத்தாள். நிருஷா சாப்பிட்டுக்கொண்டே, அப்பா வந்தால் வீட்டை விற்றதற்குக் கோபிப்பாரோ என்று கேட்டாள். கோபிக்க மாட்டார் என்று அக்னெஸ் சொன்னாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, துவாயை வாயில் வைத்து அழுதாள்.

மகளுக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் நிருஷா பேரின்பநாதனிடம் ஓடுவாள், பூசைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு கிழமைக்குள் தெரியும், பிறகு அவன் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். இப்படி அவள் தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டாள். சொல்லப் பயமாகவும் இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதன் லாசாலுக்கு வந்தான். நிருஷா நூலகத்துக்குப் போயிருந்தாள். படி ஏறி வராமல் கீழேயே நின்றான். நித்திரை இல்லாத முகம்.

"அக்கா, நான் எழுதித் தாறன். நடந்ததை நடந்தபடி. வாறது வரட்டும்."

அக்னெஸ் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த இரண்டு மாதமும் அவள் விரும்பியது இதைத்தான். ஒரு கடதாசி வந்தால் அருமைநாதன் இறந்தவனாகலாம். அவனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். அவள் கறுப்பு உடுக்கலாம். எதிரே நிற்கிறவன் மீது அவளுக்கு இருந்த ஆத்திரம் சின்னதல்ல. தன் பெண்சாதியைப் பிடித்த கையால் அவரையும் ஒரு தரம் பிடித்திருக்கலாமே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அவனை நாட்டைவிட்டுத் திருப்பி அனுப்பட்டுமே என்றும் நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த நினைப்பின் முடிவில் ஒவ்வொரு தரமும் இரண்டு கையும் ஒரு பிள்ளையும் வந்து நின்றன. அவர் மூச்சை விட்டுத் தூக்கிப் பிடித்த பிள்ளை. அதன் தகப்பனைத் தன் கையால் அனுப்பிவிட்டு அவருக்குப் பூசை வைக்க அவளால் முடியாது.

"எழுத வேண்டாம்" என்றாள். "ஆனா இனி எங்கட கோயிலுக்கு வராதையும். உம்மைக் காண என்னால ஏலாது."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

காணாமற்போன திகதிக்கு வேறு சாட்சி கண்டுபிடித்தாள். அருமைநாதனின் ஒன்றுவிட்ட அண்ணன் செபமாலைக்கும் அதே நவம்பர்க் கிழமையில் அவன் மன்னாரிலிருந்து தொலைபேசி எடுத்திருந்தான். அவர் அதைச் சொல்லிக் கையொப்பம் வைத்தார். ஒக்டோபர் தொடக்கத்தில் ஐந்து பேரும் நோட்டரியின் அலுவலகத்தில் கூடினார்கள். ஒவ்வொருவரும், அவர் எங்கேயோ இருப்பார் என்று நம்புவதாகச் சொன்னார்கள். சிலர் நம்பாமல்தான் சொன்னார்கள் என்பது அக்னெஸுக்குத் தெரியும். பிறகு அவளுடைய முறை. நோட்டரி வாசித்ததை நிருஷா தமிழில் சொன்னாள்: என் கணவர் உயிருடன் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது, அவரைப் பற்றி எந்தத் தகவலும் என்னிடம் இல்லை, இது உண்மையென்று சத்தியம் செய்கிறேன்.

மகளின் வாயால் அதைக் கேட்டு முடித்து, அக்னெஸ் வலது கையை உயர்த்தினாள். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சிலும் சொன்னாள். பிறகு கையொப்பம் வைத்தாள்.

நீதிமன்ற அனுமதி நவம்பர் கடைசியில் வந்தது. டிசம்பர் நாலாம் திகதி உறுதி எழுத எல்லோரும் கூடினார்கள். பார்கவிக்கு வயிறு பெரிதாகியிருந்தது. அவளும் கணவனும் வாடகை வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் தவணை கேட்டுப் பொறுத்திருந்தார்கள். நோட்டரி உறுதியை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். விற்பவர்கள் என்ற இடத்தில் அக்னெஸின் பேரும், அதன் கீழே அருமைநாதனின் பேரும், காணாமற்போனவர், காப்பாளரால் பிரதிநிதித்துவப்படுத்தப்படுகிறார் என்றும் இருந்தது. அவள் இரண்டு தரம் கையொப்பம் வைக்க வேண்டியிருந்தது. ஒன்று தனக்காக. மற்றது அவனுக்காக.

வீட்டுத் திறப்புகளைக் கொடுத்துவிட்டு எழும்பும்போது பார்கவி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"கவலைப்படாதீங்க ஆன்ட்டி. சார் நிச்சயம் வந்துடுவார். வந்ததும் எங்க வீட்டுக்கு, சாரி, உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

அக்னெஸ் சரி என்றாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு வருத்தமில்லை.

புதிய அபார்ட்மென்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த கிழமையில் தொலைபேசி வந்தது. பேரின்பநாதன். அவனுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. கொழும்பில் இருந்ததாகச் சொன்ன கதையை அதிகாரி நம்பவில்லை. கேட்ட விலாசங்களுக்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. மேன்முறையீடு செய்ய ஒரு வக்கீல் பார்க்கிறார், நம்பிக்கை இல்லை என்றான். பிறகு சொன்னான்:

"இனி எனக்கு மறைக்க ஒண்டும் இல்லை அக்கா. இப்ப எழுதித் தரலாம்."

அக்னெஸ் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். தனக்குத் தெரியாது என்று அவள் ஒக்டோபரில் கையை உயர்த்திச் சொல்லியாயிற்று. அந்தச் சத்தியத்தின் மேல் நீதிமன்றத்தின் முத்திரையும், முத்திரையின் மேல் விற்ற வீடும், அந்த வீட்டுக்குள் பிள்ளை பிறக்கக் காத்திருக்கும் ஒரு குடும்பமும் இருந்தன. இப்போது அவனுடைய கடதாசியைக் கொண்டுபோனால் இது எப்போது தெரியும் என்று கேட்பார்கள். இதெல்லாவற்றையும் அவள் அவனுக்கு விளக்கவில்லை. காலம் கடந்து போச்சு என்று மட்டும் சொன்னாள். பிள்ளையும் தாயும் சுகமோ என்று கேட்டாள். சுகம் என்றான். அவனுக்கு என்ன நடந்தது என்பது அவளுக்குப் பிறகு தெரியவில்லை.

தொலைபேசியை வைத்தபோது நிருஷா அறை வாசலில் நின்றாள். பாதியைக் கேட்டிருந்தாள். இனி மறைக்க முடியாது. அக்னெஸ் அவளைப் பக்கத்தில் இருத்தி, பூங்காவில் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் நிருஷா கேட்ட முதல் கேள்வி தகப்பனைப் பற்றியது அல்ல.

"நான் நோட்டரிக்கு முன்னால வாசிச்சுச் சொல்லேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"என்ர வாயால அதைச் சொல்ல விட்டனீங்கள்."

அதன் பிறகு பல நாட்கள் நிருஷா அவளோடு தமிழில் பேசவில்லை. பாண் முடிந்துவிட்டது, சாவி எங்கே, போகிறேன் என்று பிரெஞ்சில் மட்டும், அதுவும் முகம் பாராமல். ஒருநாள் அவள் பள்ளிக்குப் போன பிறகு கட்டிலைத் தட்டப்போன அக்னெஸ், தலையணை உறை ஈரமாக இருப்பதைக் கண்டு அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை நிருஷாதான் கேட்டாள், அப்பாவுக்குப் பூசை வைக்க ஏலாதோ என்று. தமிழ்க் கோயிலில் ஏலாது என்றாள் தாய். பேர் வாசித்தால், நோட்டரியிடம் வந்த அந்த ஐந்து பேரும் கேட்பார்கள். நிருஷா கொஞ்சம் யோசித்தாள். தங்களை ஒருவருக்கும் தெரியாத கோயில் ஏதாவது இருக்கும் என்றாள்.

நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனைக்கு, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அக்னெஸ் பனியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயில் காரியாலயத்தில் ஒரு வயதான பிரெஞ்சுப் பெண் பெரிய புத்தகத்தைத் திறந்து, யாருக்காகப் பூசை என்று கேட்டாள். நிருஷா தகப்பனுடைய பேரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். அதற்கு இரண்டு தனிப் பத்திகள் இருந்தன.

அக்னெஸ் மகளைப் பார்த்தாள்.

"இறந்தவருக்கு" என்றாள் நிருஷா.

அன்று மாலைப் பூசைக்குப் பதினைந்து பேர்கூட இருக்கவில்லை. பாதிரியார் அந்தப் பேரில் பாதியை விழுங்கி, மீதியைப் பிழையாக வாசித்தார். அருமைநாதனுடைய பேர்தான் என்பது அங்கிருந்த இரண்டு பேருக்கு மட்டும் விளங்கியது. அவர்கள் முழங்காலில் நின்றார்கள். அக்னெஸின் இடுப்பு வலித்தது; அவள் எழும்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுவதும் பனி படிந்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. பாதி வழியில் நிருஷா தாயின் தோளில் சாய்ந்துகொண்டு, அந்த மணல்திட்டுக்கு யாராவது போக ஏலுமோ என்று தமிழில் கேட்டாள். தெரியாது என்று அக்னெஸ் சொன்னாள். இந்த முறை அது உண்மை.